காக்கை உட்காரப் பனம்பழம்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறியாதவர் நம்மில் யார்? பழுத்த பழம் தன் பாட்டுக்கு விழுந்தது. பழி மட்டும் காக்கையின் மேல் விழுந்தது. கணினி உள்ள வீடுகளில் இக்கதை இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. புதிதாக ஒரு பாகத்தை வாங்கி மாட்டுவார்கள். மறுநாள் கணினி முரண்டு பிடிக்கும். "அதை மாட்டின நாளிலிருந்துதான் இப்படி" என்று வீட்டார் சொல்வார்கள். கடைக்காரரோ, "பழைய மிஷின் இல்லையா, அது போகிற நேரம் வந்துவிட்டது" என்பார். இருவரில் யார் சொல்வது சரி? சில வேளைகளில் காக்கையும் குற்றவாளியாக இருப்பதுண்டு. தொல்லையே அங்கேதான் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு வழக்கை இங்கே சொல்கிறேன். கணினிப் பாடம் எடுக்காத தோழியரும் பயமின்றிப் படிக்கலாம்.

எங்கள் வீட்டுக் கணினி விளையாட்டுப் பொருள் அன்று. அது அம்மாவின் தொழில் கருவி. அம்மா வீட்டிலிருந்தபடியே தட்டச்சு செய்து கொடுக்கிறார். திருமண அழைப்பிதழ், வழக்கறிஞர்களின் மனு, கோவில் கணக்கு, தேர்வுக் காலத்தில் வினாத்தாள் எனப் பலவும் வரும். எல்லாவற்றிலும் பெரிய வேலை, கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர்களின் ஆய்வேடுகள். அந்த ஆண்டு, தாலாட்டுப் பாடல்களைப் பற்றி ஆராய்ந்த ஓர் அக்கா, தம் ஆய்வேட்டை அம்மாவிடம் கொடுத்திருந்தார். கையெழுத்தில் நானூறு பக்கத்துக்கு மேல். ஆகஸ்டு 28-ஆம் நாள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். அம்மா முந்நூறு பக்கத்தை எட்டியபோது கணினி ஆமையாகிவிட்டது. ஒரு பக்கம் தள்ளினால், அடுத்த பக்கம் வருவதற்குள் அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

அந்தக் கணினி 2014-இல் வாங்கியது. அதற்குள் நான்கு ஜி.பி. ரேம் இருந்தது. ரேம் என்றால் என்னவென்று எங்கள் தாத்தாவுக்கு நான் சொன்ன விளக்கத்தையே இங்கும் சொல்லிவிடுகிறேன். சமையலறையில் அடுப்பு மேடை இருக்கிறது. மேலே பரண் இருக்கிறது. இப்போது சமைக்கத் தேவையானவை மேடையில் இருக்கும். மற்றவை பரணில் கிடக்கும். ரேம் என்பது மேடை. ஹார்ட் டிஸ்க் என்கிற வன்வட்டு பரண். மேடை சிறிதாக இருந்தால், ஒவ்வொரு சாமானுக்கும் பரணில் ஏறி இறங்க வேண்டும். அம்மாவின் ஆய்வேடு வளர வளர, மேடையில் இடமின்றிக் கணினி பரணுக்கே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனவே இன்னொரு நான்கு ஜி.பி. அட்டையைப் போட்டு மேடையைப் பெரிதாக்கலாம் என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை கடையிலிருந்து ஒரு தம்பி வந்தார். (அம்மா அவரைத் தம்பி என்பார், எனக்கு அண்ணன்தான்.) அவர் கொண்டுவந்த அட்டையில் குறை சொல்ல ஏதுமில்லை. எங்கள் போர்டுக்கு உரிய டி.டி.ஆர்.3 வகைதான். அந்த வகை அட்டையில் 240 முனைகளும், ஓரத்தில் ஒரு வெட்டும் இருக்கும். அடுத்து வந்த டி.டி.ஆர்.4 வகையில் 288 முனைகள், வெட்டு வேறிடத்தில். ஒன்றுக்குரிய பள்ளத்தில் மற்றொன்று உட்காராது. இப்படிச் செய்து வைத்த பொறியாளர்களுக்கு என் வணக்கம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கணினியைப் போட்டதும் எட்டு ஜி.பி. என்று காட்டியது. அம்மா காபி கொடுத்து அனுப்பினார்.

அன்று மாலையே தொடங்கியது தொல்லை. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிடும். எலியை அசைத்தால் அம்பு நகரும். ஆனால் எதைத் தட்டினாலும் பதில் இராது. அரை நிமிடம் கழித்து, தட்டிய எழுத்தெல்லாம் ஒன்றாக வந்து கொட்டும். ஞாயிறு அன்று இரண்டு முறை நீலத்திரை வந்து தானாகவே அணைந்து எழுந்தது. திங்கள் இரவு, சேமிக்கும் நடுவிலேயே உறைந்தது. கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியின்றி அம்மா பொத்தானை அழுத்தி அணைத்தார். செவ்வாய் காலையில் ஆய்வேட்டுக் கோப்பு திறக்கவில்லை. கோப்பு பழுதுபட்டிருப்பதாக ஒரே வரி வந்தது. அம்மா நாற்காலியை விட்டு எழுந்து போய்க் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டார். பென் டிரைவில் ஒரு படி இருந்தது. ஆனால் அது எட்டு நாளுக்கு முந்தியது. அறுபது பக்கங்களுக்கு மேல் அதில் இல்லை.

தகவல் சொன்னதும் தம்பி வந்தார். புதிய அட்டையைக் கழற்றினார். "இதுல பிரச்சினைன்னா இப்ப சரியாயிரும்க்கா" என்றார். சரியாகவில்லை, பத்தே நிமிடத்தில் மீண்டும் உறைந்தது. பழைய அட்டையைக் கழற்றிப் புதியதை மட்டும் போட்டார். அப்போதும் அப்படியே. தம்பி முகம் சுருங்கிவிட்டது. "அப்ப போர்டுதான்க்கா போயிருக்கு. பத்து வருஷ மிஷின். இந்த போர்டு இப்ப கிடைக்காது. போர்டு மாத்தினா பிராசஸர், ரேம் எல்லாம் மாத்தணும். பதினெட்டாயிரம் ஆகும்" என்றார்.

பதினெட்டாயிரம்! அந்த முழு ஆய்வேட்டுக்கும் அம்மாவுக்கு வரவேண்டிய தொகையே அதில் பாதிதான். அம்மா தம் கை வளையலை ஒருமுறை திருகிப் பார்த்ததை நான் கவனித்தேன். தாத்தாவும் கவனித்திருக்கிறார் போலும். அதுவரை திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் உள்ளே வந்து, "ரெண்டு நாள் பொறு தாயி. போர்டு எங்கேயும் ஓடிப் போகாது" என்றார்.

எங்கள் தாத்தா திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில் 31 ஆண்டுகள் பிட்டராக இருந்தவர். கணினியைத் தொட்டதே இல்லை. ஆனால் பழுது பார்ப்பதில் அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. நூல் அடிக்கடி அறுந்தால், "பஞ்சு சரியில்லை" என்று எல்லாரும் பஞ்சைத்தான் திட்டுவார்களாம். தாத்தா மட்டும் குனிந்து, ரிங் பிரேமில் ஓடுகிற டிராவலர் என்னும் சின்னஞ்சிறு கம்பி வளைவைப் பார்ப்பாராம். அது தேய்ந்திருந்தால் எந்தப் பஞ்சும் நிற்காது. "பெரிய சாமான் மேல பழி போடறது சுலபம் பாப்பா. பேர் தெரியாத சாமானை முதல்ல பாரு" என்பார்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தோம். தாத்தா விதித்தவை மூன்று. முதலில் கோப்புகளைக் காப்பாற்ற வேண்டும், மருத்துவம் பிறகு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதையும் விளைந்ததையும் உடனே எழுத வேண்டும். மூன்றாவது சட்டத்தை நான் முதலில் பெரிதாக எண்ணவில்லை. இரண்டாம் நாளே அதன் அருமை விளங்கிற்று. "நேற்று இதை மாற்றியபோது உறைந்ததா, அதை மாற்றியபோதா?" என்று அம்மா கேட்டபோது, நோட்டு இல்லாவிட்டால் ஆளுக்கொரு பதில் சொல்லியிருப்போம்.

கோப்புகளைக் காப்பாற்ற, எங்கள் பள்ளிக் கணினி ஆசிரியை ஓர் உதவி செய்தார்கள். வன்வட்டைக் கழற்றி, யு.எஸ்.பி. வழியாக வேறு கணினியில் இணைக்கிற சிறு கருவி ஒன்றை இரண்டு நாளுக்குத் தந்தார்கள். மேசைக் கணினியில் இருக்கும் வட்டுக்கு 12 வோல்ட் மின்சாரமும் வேண்டும், யு.எஸ்.பி. தருவது 5 வோல்ட் மட்டுமே. ஆகவே தனி மின்வடமும் சேர்ந்த கருவியாகக் கொடுத்தார்கள். கணினியை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கி, மீதமுள்ள மின்சாரம் வடிவதற்காகப் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு, பெட்டியின் வெறும் உலோகத்தை முதலில் தொட்ட பிறகுதான் உள்ளே கை வைத்தேன். தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அந்த மின்சாரம் நம் உடம்பிலும் ஏறியிருக்கும். நம் கைக்குத் தெரியாத அளவே சில்லுகளைக் கெடுக்கப் போதுமானது. உலோகத்தைத் தொட்டால் உடம்புக்கும் பெட்டிக்கும் இடையே இருந்த வேறுபாடு நீங்கிவிடும்.

சித்தியின் மடிக்கணினியில் வட்டை இணைத்தோம். அம்மாவின் கோப்புகள் மொத்தம் 62 ஜி.பி. முக்கால் மணி நேரத்தில் ஒருமுறைகூட நிற்காமல் படியெடுத்து முடித்தது. உடைந்துபோன ஆய்வேட்டுக் கோப்பு அங்கும் திறக்கவில்லை. ஆனால் எழுதும்போது நிரல் தானாகவே சேமித்து வைக்கும் காப்புக் கோப்பு ஒன்று வேறொரு மடிப்பில் கிடந்தது. அதைத் திறந்தால் ஆய்வேடு வந்தது! கடைசிப் பதினொரு பக்கங்கள் மட்டும் இல்லை. அம்மா அன்று இரவே சித்தியின் மடிக்கணினியில் உட்கார்ந்து, விடிவதற்குள் அந்தப் பதினொன்றையும் அடித்துவிட்டார். தாலாட்டுப் பாடல்களை அடித்துக்கொண்டு தாம் மட்டும் தூங்காமல் இருந்ததைச் சொல்லி மறுநாள் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எங்களுக்குச் சோறு இறங்கிற்று.

நோட்டில் தாத்தா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "வட்டு வெளியே நலம்." இங்கே நின்று யோசிக்க வேண்டும். வட்டு கெட்டிருந்தால் சித்தியின் கணினியிலும் அது திணறியிருக்க வேண்டும் அல்லவா?

அடுத்து ரேம். நினைவகத்தைச் சோதிக்கவென்றே மெம்டெஸ்ட்86+ என்றொரு இலவச நிரல் இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். அது நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் பூஜ்யத்தையும் ஒன்றையும் பலவிதக் கோலங்களாக எழுதும். பிறகு படித்துப் பார்க்கும். எழுதியது ஒன்று, வந்தது வேறு என்றால் சிவப்பாகக் காட்டும். நான்கு ஜி.பி. என்றால் 3,435 கோடிக்கு மேற்பட்ட பிட்டுகள். இரண்டு அட்டைக்கு அதைப்போல் இருமடங்கு. இத்தனை அறைகளையும் பலமுறை சுற்றி வர நேரம் ஆகும். இரண்டு அட்டைகளையும் மாட்டி, வட்டு இல்லாமலேயே இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால், ஒரு பிழையும் இல்லை. ஒருமுறையும் உறையவில்லை.

தாத்தா பல் விளக்கியபடியே கேட்டார்: "போர்டு செத்துப்போச்சுன்னு சொன்னாங்களே, செத்த போர்டு ராத்திரி பூரா கணக்குப் போடுமா?"

ஒன்பது மணி நேரம் ஓயாமல் உழைத்த போர்டையும், பிராசஸரையும், ரேமையும், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் இனி எப்படிச் சந்தேகிப்பது? வட்டு தனியே நலம். வட்டை நீக்கிய கணினியும் நலம். இரண்டும் சேர்ந்தால்தான் நோய். அடுப்பு மேடையும் நன்றாக இருக்கிறது, பரணும் நன்றாக இருக்கிறது என்றால், நடுவில் இருக்கும் ஏணியைப் பார்க்க வேண்டாமா?

இவ்விடத்தில் ஒரு பழைய வரலாற்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். பழுதைத் தேடும் கலை நம்மவருக்கு, அதாவது பெண்களுக்கு, புதிதன்று. 1946-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உலகிற்கு அறிமுகமான எனியாக் என்னும் பேருருவக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அதற்குக் கணக்குகளை அமைத்துக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்களுக்குப் பாடநூலும் கிடையாது, பயிற்சி வகுப்பும் கிடையாது. இயந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். விடை தவறாக வந்தால், தவறு கணக்கிலா, இயந்திரத்திலா என்று பிரித்துப் பார்த்து, இத்தனை ஆயிரம் குழாய்களில் இன்ன குழாய்தான் கெட்டது என்று காட்டும் அளவுக்குத் தேர்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான கே மக்நல்டி, அயர்லாந்திலிருந்து மூன்று வயதில் ஆங்கிலம் தெரியாமல் அமெரிக்காவுக்கு வந்து, அங்கே கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி ஒன்றில் படித்தவர் என்பது நமக்கு இன்னும் இனிப்பான செய்தி. அடுத்த ஆண்டு, 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்டின் மார்க் 2 கணினி தடுமாறியபோது, அதன் ரிலே ஒன்றில் ஒரு விட்டிற்பூச்சி சிக்கியிருந்தது. அதைத் திட்டிவிட்டு எறியாமல், பதிவேட்டில் ஒட்டி, நேரத்தையும் குறித்து வைத்தார்கள். எங்கள் நாற்பது பக்க நோட்டும் அந்தப் பதிவேட்டின் தூரத்து உறவுதான் என்று எனக்குள் ஒரு பெருமை.

வழக்குக்குத் திரும்புவோம். வட்டை மறுபடி அதன் இடத்தில் மாட்டிக் கணினியைத் தொடங்கினோம். விண்டோஸ் தனக்குள் நடப்பவற்றை எல்லாம் ஒரு நாட்குறிப்பில் எழுதி வைக்கிறது. அதற்கு ஈவன்ட் வியூவர் என்று பெயர். அம்மாவின் கணினியில் அது பத்து ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்க, யாரும் திறந்து பார்த்ததே இல்லை. பார்த்தோம். 129, 153 என்ற எண்ணிட்ட எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தன. 153 என்றால், வட்டிடம் கேட்டது கிடைக்காமல் மறுபடி கேட்க நேர்ந்தது. 129 என்றால், பதிலே வராததால் இணைப்பைத் தட்டி எழுப்ப நேர்ந்தது. முதல் எச்சரிக்கையின் தேதியைப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை, பிற்பகல் 4 மணி 12 நிமிடம். தம்பி காபி குடித்துவிட்டுப் போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்கு முந்திய நாட்களில் ஒன்றுகூட இல்லை. ஆக, காக்கை முற்றிலும் நிரபராதி அன்று!

வட்டும் தனக்கென்று ஓர் உடல்நலக் குறிப்பு வைத்திருக்கிறது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைக் காட்டும் இலவச நிரலைத் திறந்தோம். 05 என்ற வரி, கெட்டுப்போய் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை, பூஜ்யம். சி5 என்ற வரி, படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள், பூஜ்யம். சி7 என்ற வரியில் 5ஏ2 என்று இருந்தது.

"எண்ணுக்குள்ள எழுத்து எப்படி வந்துச்சு?" என்றார் தாத்தா.

பதினொன்றாம் வகுப்பில் பதினாறு நிலை எண்முறையை நடத்தியபோது, "இது எதற்கு மிஸ்?" என்று கேட்ட தோழியர் கவனிக்க. பத்துக்கு ஏ, பதினொன்றுக்கு பி என்று பதினைந்துக்கு எஃப் வரை போகும். 5ஏ2 என்றால் ஐந்து 256, பத்து 16, இரண்டு, கூட்டினால் 1,442. நோட்டில் எழுதினோம். கணினியில் ஒரு பெரிய படத்தொகுப்பைப் படியெடுக்க விட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தோம். 736 என்று காட்டியது, அதாவது 1,846. நம் கண்ணெதிரே ஒரு மணி நேரத்தில் 404 கூடியிருக்கிறது.

சி7 எதை எண்ணுகிறது? கடைக்கு மளிகைப் பட்டியல் அனுப்பும்போது, அடியில் "ஆக மொத்தம் 14 சாமான்" என்று எழுதி அனுப்புவோம் அல்லவா? கடைக்காரர் எண்ணிப் பார்த்து 13 வந்தால், வழியில் காகிதம் கிழிந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு மறுபடி கேட்டனுப்புவார். வட்டுக்கும் போர்டுக்கும் இடையே போகிற ஒவ்வொரு தகவல் கட்டிலும் இப்படி ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது, சி.ஆர்.சி. என்பார்கள். வழியில் தகவல் சிதைந்தால் எண் ஒத்துப் போகாது; மறுபடி கேட்கப்படும்; சி7-இல் ஒன்று கூடும். மறுபடி மறுபடி கேட்கும் நேரத்தில்தான் திரை உறைந்து நின்றது. பரணும் மேடையும் வாய் திறந்து சொல்லிவிட்டன: கெட்டது ஏணி.

பெட்டியைத் திறந்து விளக்கைப் பிடித்தோம். சாட்டா என்று பெயருள்ள, விரல் அகலம்கூட இல்லாத தட்டையான சிவப்பு வடம் அது. உள்ளே ஏழு இழைகள். எங்கள் போர்டு சிறியது. ரேம் பள்ளங்களை ஒட்டியே வடத்தின் முனை செருகும் இடமும் இருந்தது. புதிய அட்டையை அழுத்தி உட்கார வைப்பதற்காக அந்த வடத்தை ஒதுக்கித் தள்ளியிருக்க வேண்டும். முனை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பிடுங்கிப் பார்த்தால், அதன் வாய்க்குள் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு ஓரத்தில் விரிசல். நல்ல வடங்களில் முனையைக் கவ்விப் பிடிக்க ஓர் உலோகக் கொக்கி இருக்கும். இதில் அதுவும் இல்லை.

கடைக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. டி.வி.டி. தட்டுக்கும் இதே வகை வடம்தான். அதைக் கழற்றி வட்டுக்கு மாட்டினேன். அம்மாவுக்கு அவசரம். "செருகுற இடத்தையும் மாத்திடேன், எதுக்கு வம்பு?" என்றார். தாத்தா விரலை உயர்த்தினார். "ஒண்ணுதான்." வடம் மட்டும் மாறிற்று, செருகிய இடம் பழையதே. கணினியைப் போட்டோம். மீண்டும் அதே படத்தொகுப்பு, அதே ஒரு மணி நேரம். சி7: 736. இரண்டு மணி நேரம் ஆயிற்று. 736. இந்த எண்ணிக்கை ஒருபோதும் குறையாது. வட்டு வாழ்ந்த காலமெல்லாம் பட்ட அடி அதில் இருக்கும். மேலும் கூடாமல் நிற்பதுதான் குணமானதற்கு அடையாளம்.

தாத்தாவுக்கு அப்போதும் திருப்தி இல்லை. "நோவு மருந்தால போச்சா, தானா போச்சா? பழைய ஒயரைத் திரும்பப் போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "உங்க பரிசோதனைக்கு என் ஆய்வேடுதான் கிடைச்சுதாப்பா?" இருவர் சொல்வதும் நியாயமே. என் மனம் தாத்தாவின் பக்கம். ஆனால் 28-ஆம் தேதி அம்மாவின் பக்கம். கடைசியில், விரிசல் விட்ட வடத்தை டி.வி.டி. தட்டுக்கு மாட்டி, என் முதல் நற்கருணை விழா வட்டைப் போட்டோம். பவனி பாதி வழியில் உறைந்து நின்றது. தாத்தா நோட்டில் தம் கையாலேயே "ருசு" என்று எழுதி அடிக்கோடிட்டார்.

எட்டு ஜி.பி. ரேமும் மீண்டும் போடப்பட்டது. ஆய்வேடு 26-ஆம் தேதியே அச்சாகிக் கட்டுக்குப் போனது. கொக்கி வைத்த புதிய சாட்டா வடம் ஒன்று தொண்ணூறு ரூபாய்க்கு வாங்கினோம்.

கடைத் தம்பி கேள்விப்பட்டு வந்தார். எங்கே சண்டை வருமோ என்று நான் பயந்தேன். அம்மா மறுபடி காபிதான் கொடுத்தார். தம்பி நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். கூச்சப்பட்டாலும் மழுப்பவில்லை. "ஒரு நாளைக்கு ஏழு எட்டு வீடுக்கா, உட்கார்ந்து பார்க்க நேரம் ஏது?" என்றார். அது பொய்யில்லை. பதினெட்டாயிரம் என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். தொண்ணூறு ரூபாயைக் கண்டுபிடிக்க எங்கள் மூவருக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளுக்கு அவருக்கு யார் கூலி கொடுப்பார்கள்? சி7 பற்றிய பக்கத்தை மட்டும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனார்.

2025-ஆம் ஆண்டு மே விடுமுறையில் அதே தம்பியை மறுபடி அழைத்தோம். பழைய வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட வேண்டியிருந்தது. இம்முறை பெட்டியைத் திறந்ததும், அவர் கை வைப்பதற்கு முன் அம்மா உள்ளே விளக்கடித்து நான்கு பக்கமும் படமெடுத்துக்கொண்டார். தம்பி சிரித்துக்கொண்டே காத்திருந்தார். வேலை முடிந்ததும் அவரே ஸ்மார்ட் குறிப்பைத் திறந்து, திரையைத் தாத்தா பக்கம் திருப்பிக் காட்டினார். தாத்தா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, வரி வரியாகப் பார்த்துவிட்டு, நோட்டில் தேதியைப் போட்டுப் பூஜ்யம் என்று எழுதினார்.